மைலுக்கு மூன்று வீடு

1938இல் அமெரிக்க அரசின் கிராமப்புற மின்மயமாக்கல் நிர்வாகத்திடம் ஒரு விதி இருந்தது. அரசிடம் கடன் வாங்கி மின்கம்பி இழுக்க நினைக்கும் கூட்டுறவுச் சங்கம், ஒரு மைல் கம்பிக்குக் குறைந்தது மூன்று வீடுகளைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கடன் கிடையாது. கொடுத்த பணம் வட்டியோடு திரும்பி வர வேண்டும் அல்லவா, அதற்காக வைத்த விதி. யாரும் குறை சொல்ல முடியாத சுத்தமான கணக்கு.

அதே ஆண்டு செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் பெடர்னாலெஸ் மின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் அனுமதிக்கப்பட்டது. தொகை 13.22 லட்சம் டாலர். இழுக்க வேண்டிய கம்பி 1,830 மைல். பயன்பெறும் குடும்பங்கள் 2,892. வகுத்துப் பாருங்கள், மைலுக்கு 1.58 வீடு வருகிறது. விதி கேட்டதில் பாதிதான் தேறுகிறது. ஆனாலும் கடன் வந்தது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு நிபந்தனை பொய்யாக இருக்கும்போதும் அதற்குள் இருக்கும் வரி ஓடியிருக்கிறது என்றால், யாரோ எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே கை வைத்தவர் அந்தத் தொகுதியின் உறுப்பினர், அப்போது முப்பது வயதான லிண்டன் ஜான்சன். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரானவர். நம்மில் பலருக்கு வியட்நாம் போரை வளர்த்தவராகத்தான் அவரைத் தெரியும். அது உண்மையும்கூட. ஆனால் ஒரு கிராமப்புறத் தொகுதியில் நிற்கும் முற்போக்கு வேட்பாளர் எதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு, அவருடைய முதல் இரண்டு வருடங்களைப் போல விளக்கமான பாடம் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

*

ஆஸ்டின் நகரத்துக்கு மேற்கே இருக்கும் பகுதிக்கு ஹில் கண்ட்ரி என்று பெயர். மலைநாடு என்றதும் வால்பாறை மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் கொஞ்சம்போல மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் இடுப்பளவு புல்லைப் பார்த்து நல்ல பூமி என்று நம்பி இறங்கினார்கள். மாட்டை விட்டு மேய்த்தார்கள், பருத்தி போட்டார்கள். புல்வேர் போனதும் மழை மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. பாறைதான் மிச்சம்.

ஜான்சனின் அப்பா சாம் ஈலி ஜான்சன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். ஊரில் மரியாதையான மனிதர். பெடர்னாலெஸ் ஆற்றங்கரையில் பெரிய விலை கொடுத்துப் பண்ணை வாங்கினார். முதல் உலகப்போருக்குப் பிறகு பருத்தி விலை சரிந்தபோது பண்ணையும் போனது, மரியாதையும் போனது. மிச்ச வாழ்நாள் முழுக்கக் கடன். அந்த மண் எப்படிக் கைவிடும் என்பது மகனுக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம்.

இந்த மண்ணில் பண்ணைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருந்தன. ஒரு குடும்பம் பிழைக்க நிறைய ஏக்கர் வேண்டும், அதனால் பக்கத்து வீடு எங்கேயோ இருக்கும். மைலுக்கு மூன்று வீடு என்ற விதி இடித்தது இங்கேதான். மண் எவ்வளவு மோசமோ அவ்வளவு தூரத்தில் வீடுகள் இருக்கும். வீடுகள் எவ்வளவு தூரமோ அவ்வளவு தகுதிக் குறைவு. வறுமைக்கு உதவ வந்த திட்டம், வறுமை அதிகமாக இருக்கும் இடத்தையே கழித்துக்கட்டியது. விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வசூலை மட்டும் அளந்தார்கள், அவ்வளவுதான்.

*

மின்சாரம் இல்லாத வாழ்க்கை என்றால் விளக்கு இல்லாத வாழ்க்கை என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். விளக்கு அதில் சின்ன பகுதி. பெரிய பகுதி தண்ணீர்.

ஜான்சனின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய ராபர்ட் கேரோ, அந்த ஊரைப் புரிந்துகொள்வதற்காக மனைவியோடு அங்கேயே போய்க் குடியிருந்தார். 1982இல் வந்த முதல் தொகுதியில் அந்தப் பெண்களின் ஒரு நாள் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். அதில் அவர் எடுத்துக்காட்டும் விவசாயத்துறைக் கணக்கின்படி, ஐந்து பேர் இருக்கும் பண்ணைக் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 200 காலன் தண்ணீர் தேவை. நம் கணக்கில் சுமார் 750 லிட்டர். பதினைந்து லிட்டர் குடம் என்று வைத்துக்கொண்டால் தினமும் ஐம்பது குடம். கிணறு வீட்டிலிருந்து சராசரியாக 250 அடி தூரத்தில். வருடத்துக்குக் கூட்டினால் கிட்டத்தட்ட 270 டன் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இழுத்து வீட்டுக்குச் சுமக்க வேண்டும். ஆண்கள் வயலுக்குப் போன பிறகு இதைச் செய்தது பெரும்பாலும் பெண்கள்.

ஒரு நாள் துணி துவைப்பு. அடுத்த நாள் இஸ்திரி. இஸ்திரிப் பெட்டி என்றால் மூன்று கிலோ இரும்புத் துண்டு, விறகடுப்பின் மேல் வைத்துச் சூடாக்க வேண்டும். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்றை எடுக்க வேண்டும். கோடையில் வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே அடுப்பு நாள் முழுக்க எரியும். பழம் காய்களை ஜாடியில் பதப்படுத்தும் காலமும் அதே கோடைதான். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பழுத்த அன்றே பதப்படுத்தாவிட்டால் பனிக்காலத்துக்குச் சாப்பாடு இல்லை. நாற்பது வயதுக்குள் முதுகு கூனிவிட்டது என்று அந்தப் பெண்கள் கேரோவிடம் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் தூக்கித் தூக்கி வந்த கூன்.

தனியார் மின் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் இந்த 270 டன் எங்கேயும் இல்லை. அதைத் தூக்கியதற்கு யாரும் கூலி தரவில்லை, அதனால் அதற்கு விலையும் இல்லை. ஒரு மைல் கம்பி இழுக்க 1,500 முதல் 2,000 டாலர் வரை ஆகும், பண்ணைக்காரன் என்ன பெரிதாக மின்சாரம் எரிக்கப் போகிறான், இரண்டு பல்பு போடுவான் என்றன நிறுவனங்கள். 1935இல் அமெரிக்காவில் இருந்த 68 லட்சம் பண்ணைகளில் 60 லட்சத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. அதே சமயம் நகரத்து வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் இருந்தது.

*

1937 பிப்ரவரியில் டெக்சஸ் பத்தாவது தொகுதியின் உறுப்பினர் ஜேம்ஸ் புக்கானன் இறந்துபோனார். அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது கட்சி இல்லை, நாடாளுமன்றம். அதன் பிரதிநிதிகள் சபை நம் மக்களவை மாதிரி. இடைத்தேர்தலில் ஏழெட்டுப் பேர் குதித்தார்கள். எல்லோரும் தொகுதியில் தெரிந்த முகங்கள், பெரியவர்கள். ஜான்சனுக்கு 28 வயது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் இளைஞர் வேலைத் திட்டத்துக்கு டெக்சஸ் இயக்குநராக இருந்தார். மனைவி லேடி பேர்ட் தன் பங்குச் சொத்தின்மேல் அப்பாவிடம் 10,000 டாலர் வாங்கிக் கொடுத்தார்.

அவருடைய பிரசாரத்தின் முதல் வரி மின்சாரம் அல்ல. "நான் ரூஸ்வெல்ட்டின் ஆள்" என்பதுதான் முதல் வரி. அந்த மாதம்தான் ரூஸ்வெல்ட் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். நாடே அடித்துக்கொண்டது. சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. ஜான்சன் அதை முழுசாக ஆதரிக்கிறேன் என்று முதல் நாளே அறிவித்தார். வேறு சிலரும் அதிபரை ஆதரித்தார்கள்தான், ஆனால் இவர் அளவுக்குச் சத்தமாக இல்லை.

பாறைக்காட்டு விவசாயிக்கும் வாஷிங்டன் நீதிபதிகளுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. விளைபொருள் விலையைத் தூக்கி நிறுத்த வந்த விவசாயச் சட்டத்தை 1936 ஜனவரியில் அதே நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தது. பருத்தி விலையில் செத்துப் பிழைத்தவனுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. ஜான்சன் நகரத்தை விட்டுவிட்டுக் கிராமம் கிராமமாக, பண்ணை பண்ணையாகப் போனார். வயலுக்குள் இறங்கிக் கை குலுக்கினார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் குடல்வால் அழற்சி வந்து ஆஸ்டின் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. ஏப்ரல் 10 அன்று முடிவு வந்தபோது படுக்கையில்தான் இருந்தார். 8,280 வாக்குகள். அடுத்து வந்தவருக்கு 5,000 சொச்சம்.

ஒரு மாதம் கழித்து, மே 11 அன்று, மீன்பிடிப் பயணம் முடித்துக் கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கிய ரூஸ்வெல்ட்டை இந்தப் புது உறுப்பினர் போய்ப் பார்த்தார். அதிபர் தன் ரயிலிலேயே அழைத்துக்கொண்டு போனார். நீதிமன்ற மசோதா அந்தக் கோடையிலேயே தோற்றுப்போனது. ஆனால் அதற்காக முதல் நாள் கொடுத்த ஆதரவு வீண் போகவில்லை. பின்னால் அது எங்கே உதவியது என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

*

தொகுதி வழியாகக் கொலராடோ ஆறு ஓடுகிறது (அரிசோனாவில் ஓடும் புகழ்பெற்ற கொலராடோ வேறு, இது டெக்சஸுக்குள்ளேயே பிறந்து கடலில் சேர்வது). வருடா வருடம் வெள்ளம். மேல் ஆற்றில் ஒரு தனியார் நிறுவனம் 1931இல் அணை கட்டத் தொடங்கியது. பின்னால் இருந்த சாமுவேல் இன்சலின் மின் சாம்ராஜ்யம் 1932இல் கவிழ்ந்ததும் அணை பாதியில் நின்றது. பிறகு மாநிலம் ஒரு ஆற்று ஆணையம் அமைத்து, மத்திய அரசின் பணத்தில் வேலையைத் தொடர்ந்தது. பாதியில் நின்ற அந்த அணைக்கு இறந்துபோன உறுப்பினர் புக்கானனின் பெயரை வைத்தார்கள். 1938இல் முடிந்தது.

அணை வந்துவிட்டது, மின்சாரமும் உற்பத்தியாகிறது. ஆனால் அணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பண்ணையில் மண்ணெண்ணெய் விளக்குதான். உற்பத்தி ஒரு பிரச்சினை, விநியோகம் வேறு பிரச்சினை. இரண்டாவதைத் தீர்க்கக் கம்பி வேண்டும். கம்பி இழுக்கத் தனியார் நிறுவனம் வராது.

இந்த இடத்துக்காகத்தான் 1935 மே மாதம் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை மூலம் கிராமப்புற மின்மயமாக்கல் நிர்வாகத்தை உருவாக்கியிருந்தார். அடுத்த வருடம் செனட்டர் ஜார்ஜ் நாரிஸும், டெக்சஸ்காரரான சாம் ரேபர்னும் அதைச் சட்டமாக்கினார்கள். முதலில் தனியார் நிறுவனங்களுக்கே கடன் கொடுத்துக் கம்பி இழுக்கச் சொல்வதாகத்தான் யோசனை. அவர்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. அதனால் விவசாயிகளே சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொள்ளும் முறை வந்தது. கம்பத்துக்குக் கம்பம் இடைவெளியைக் கூட்டி, வடிவத்தை எளிமையாக்கி, மைலுக்கு ஆகும் செலவை ஆயிரம் டாலருக்குள் கொண்டுவந்தார்கள். செலவு என்று நிறுவனங்கள் சொன்ன எண் கல்லில் வெட்டியது இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அந்த நல்ல நிர்வாகமும் ஒரு எண்ணை வைத்திருந்தது. மைலுக்கு மூன்று வீடு.

*

ஜான்சன் அதிகாரிகளிடம் பேசிப் பார்த்தார். விதி விதிதான் என்றார்கள். பிறகு அதிபரிடம் போனார். அங்கே நடந்ததைப் பிற்காலத்தில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் தடவை ரூஸ்வெல்ட் வேறு எதையெதையோ பேசியே நேரத்தைக் கடத்தி அனுப்பிவிட்டாராம். அதிபரின் உதவியாளர் தாமஸ் கார்கரன், அவருக்குப் படம் என்றால் பிடிக்கும், படம் கொண்டு போ என்றாராம். அடுத்த தடவை அணையையும் மின்தடங்களையும் ஏழைகளின் குடிசைகளையும் பெரிய பெரிய புகைப்படங்களாக எடுத்துக்கொண்டு போனார். ரூஸ்வெல்ட் போனை எடுத்து, நிர்வாகத்தின் தலைவர் ஜான் கார்மடியைக் கூப்பிட்டு, கடனைக் கொடுங்கள், அந்த ஊர்க்காரர்கள் சீக்கிரம் பிள்ளை பெற்றுக் கணக்கைச் சரிக்கட்டிவிடுவார்கள் என்று சொன்னாராம்.

ஜான்சன் கதையை ஊதிச் சொல்வதில் கெட்டிக்காரர். அதனால் போனில் என்ன பேசினார்கள் என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கடன் வந்தது மட்டும் நிச்சயம். 1937இல் நீதிமன்ற மசோதாவுக்காகச் சத்தமாகக் கத்திய சின்னப் பையனுக்கு அதிபரின் அறைக்கதவு திறந்திருந்தது என்பதும் நிச்சயம். அடுத்த வருடம் அந்த நிர்வாகத்துக்கே தலைவராக வருகிறாயா என்று ரூஸ்வெல்ட் கேட்டார். ஜான்சன் மறுத்துவிட்டார்.

இதற்கிடையே ஊரில் இன்னொரு போராட்டம். சங்கத்தில் சேர ஐந்து டாலர் கட்ட வேண்டும். ரொக்கத்தையே பார்க்காத வீடுகளில் அது பெரிய தொகை. நிலத்தின் வழியாகக் கம்பி போக எழுதிக் கொடுக்கவும் வேண்டும். நிலத்தைக் கடனுக்கு இழந்தவர்களின் ஊர் அது. அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்று பயந்தார்கள். ஜான்சன் கூட்டம் கூட்டமாகப் பேசினார். தன் அம்மா கிணற்றில் தண்ணீர் இழுத்ததைச் சொன்னார். தண்ணீர் மோட்டாரும் துவைக்கும் இயந்திரமும் வந்தால் பெண்களின் நாள் எப்படி மாறும் என்று சொன்னார். நிறுவனங்களின் புத்தகத்தில் இல்லாத அந்த 270 டன்னை அவர் மேடையில் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

பாறையில் குழி தோண்டிக் கம்பம் நட்டார்கள். நாட்கள் மாதங்களாயின. கம்பி போட்டுவிட்டார்கள், மின்சாரம் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்றே பலர் முடிவு கட்டினார்கள். 1939 நவம்பரில் ஒருநாள் திடீரென்று வந்தது. வெளியே போய்விட்டு இரவில் திரும்பிய ஒரு குடும்பத்துப் பெண், தூரத்திலிருந்து பார்த்து வீடு தீப்பிடித்துவிட்டது என்று அலறினாளாம். இல்லை, லைட் வந்திருக்கிறது என்றாளாம் அம்மா.

*

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது.

தொகுதியின் மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஜெயித்தவருக்கு விழுந்தது 8,280 வாக்கு. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. டெக்சஸில் ஓட்டுப் போட வேண்டுமானால் முன்கூட்டியே தலைவரி கட்ட வேண்டும், ஒன்றரை டாலர், சில இடங்களில் ஒன்றே முக்கால். கறுப்பர்களையும் மெக்சிகோ வம்சாவளியினரையும் வெளியே வைக்கக் கொண்டுவந்த வரி ஏழை வெள்ளையர்களையும் சேர்த்தே வெளியே வைத்தது. ஐந்து டாலருக்குத் தயங்கிய வீட்டில் கணவனுக்கும் மனைவிக்குமாக மூன்று டாலர் ஓட்டு வரியை யார் கட்டுவார்கள்? தண்ணீர் சுமந்தவர்களில் பலருக்கு இந்தத் தேர்தலில் குரலே இருந்திருக்காது.

ஜான்சன் அந்த வரியை எதிர்க்கவில்லை. 1937 முதல் இருபது வருடம், தலைவரி ஒழிப்பு, கும்பல் கொலைத் தடுப்பு என்று எந்த மசோதா வந்தாலும் தெற்கத்திய உறுப்பினர்களோடு சேர்ந்து எதிராகவே ஓட்டுப் போட்டார். ஆஸ்டினுக்கு அரசுக் குடியிருப்புத் திட்டத்தின் முதல் நிதியில் பங்கு வாங்கிக் கொடுத்தார். மெக்சிகோ வம்சாவளியினருக்கும் கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் வீடு கிடைத்தது, ஆனால் தனித்தனிக் குடியிருப்புகளாக. இன்னொரு பக்கம், அதே ஆற்றில் மார்ஷல் ஃபோர்ட் அணையைக் கட்டிய பிரவுன் அண்டு ரூட் நிறுவனத்துக்காக அவர் வாஷிங்டனில் அனுமதிகளைத் துரத்தினார். மின்கம்பி போடும் ஒப்பந்தமும் அந்த பிரவுன் சகோதரர்களுக்கே போனது. 1941இல் அவர் செனட்டுக்கு நின்றபோது செலவழித்ததும் அவர்களே. வருமான வரித்துறை விசாரிக்கும் அளவுக்கு.

அப்படியானால் அந்த வெளிச்சத்துக்கு மதிப்பு இல்லையா? கேரோ எதையும் மறைக்கவில்லை. ஒப்பந்தக்காரரின் பணத்தையும் எழுதுகிறார், கூன் விழுந்த முதுகையும் எழுதுகிறார். ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. விதியை வளைக்கும் அதிகாரம் எங்கிருந்தோ வர வேண்டும். அது சுத்தமான இடத்திலிருந்து வரும் என்று எதிர்பார்ப்பது நம் ஆசை. அதே நேரம், அந்த அதிகாரம் யாருக்காக வளைகிறது, யாரை வெளியே விட்டுவிட்டு வளைகிறது என்று கேட்காமல் இருப்பதும் தப்பு. மத்திய அரசுப் பதவிகளுக்கான தேர்தல்களில் தலைவரி கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1964 ஜனவரியில் நிறைவேறியபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் இதே ஜான்சன். அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. அவருடைய தொகுதியில் தலைவரி கட்ட முடியாமல் நின்றவர்களுக்கு அது 27 வருடத் தாமதம்.

*

இந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்கக் கூட்டுறவுச் சங்கங்களின் ஆலோசனையோடு இங்கே ஐந்து மாதிரி மின் கூட்டுறவுகள் தொடங்கப்பட்டன. கர்நாடகத்தின் ஹுக்கேரி அதில் ஒன்று, தெலங்கானாவின் சிர்சில்லா இன்னொன்று. 1969இல் கிராமப்புற மின்மயமாக்கல் கழகம் அமைந்தபோது, அமெரிக்க உணவு உதவியால் இந்தியாவில் சேர்ந்திருந்த ரூபாய் நிதி அதன் தொடக்க முதலில் பங்கு வகித்தது. தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1957இல் அமைந்த மாநில மின்வாரியமே ஊர் ஊராகக் கம்பி கொண்டு போனது. பம்புசெட்டு வந்த கிராமத்தில் என்ன மாறியது என்று நம் பாட்டிகளைக் கேட்டாலே போதும்.

பெடர்னாலெஸ் சங்கம் இன்றும் ஜான்சன் சிட்டியிலிருந்துதான் இயங்குகிறது. அமெரிக்காவின் மிகப்பெரிய மின்விநியோகக் கூட்டுறவு அதுதான். ஆஸ்டின் வளர்ந்து அந்தப் பக்கம் பரவியதும் அதற்கு ஒரு காரணம். இருந்தாலும், 1938இல் தகுதி இல்லை என்று விதி சொன்ன சங்கம் அது.

கிராமத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பெரிய பட்டியல்கள் இருக்கும். சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இணையம். எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் எங்கேயோ ஒரு "மைலுக்கு மூன்று வீடு" உட்கார்ந்திருக்கிறது. இத்தனை பிள்ளைகள் இருந்தால்தான் பள்ளி, இத்தனை பேர் ஏறினால்தான் பஸ், இத்தனை வீடு இருந்தால்தான் கேபிள். உங்கள் ஊரை வெளியே வைக்கும் அந்த எண் எது, அது எந்த அலுவலகத்தில் யாருடைய மேசையில் இருக்கிறது என்று வேட்பாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். தெரியாது என்றால் அவருடைய பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: அந்த எண்ணை மாற்ற நீங்கள் யாரிடம் போவீர்கள், பதிலுக்கு அவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள்?